துளசி விதையை ஆழமாக மூடாதீர்கள்: முளைப்பிலும் மணத்திலும் வெளிச்சம் செய்யும் வேலை

துளசி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கிற விஷயம் இது. தொட்டியில் விரலால் குழி போட்டு, விதையைத் தூவி, மண்ணால் நன்றாக மூடி, தினமும் தண்ணீர் விட்டுக் காத்திருப்பார்கள். இரண்டு வாரம் போனாலும் தொட்டி வெறுமையாகவே கிடக்கும். அதே வீட்டுத் துளசியின் காய்ந்த கதிரிலிருந்து உதிர்ந்த விதைகள், மாடிச் சுவரின் விரிசலிலும், தரையும் சுவரும் சேரும் இடுக்கில் படிந்த தூசியிலும் கொத்தாக முளைத்து நிற்கும். "துளசி தானாக வந்தால்தான் உண்டு, நாம் வைத்தால் வராது" என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டி மண்ணில் சத்து இருந்தது, தண்ணீரும் இருந்தது. சுவர் இடுக்கில் அவை இரண்டுமே குறைவு. ஆனால் அங்கே விதை மேலாகக் கிடந்தது, அதன் மேல் வெளிச்சம் பட்டது.

துளசிக்கு வெளிச்சம் இரண்டு விதமாகத் தேவைப்படுகிறது. விதையாக இருக்கும்போது அது ஒரு தகவல் மட்டுமே. மிகக் கொஞ்சம் போதும், சில நேரங்களில் சில நிமிடங்களே போதும். செடியான பிறகு அதுவே சாப்பாடு, அப்போது நாள் முழுக்க, ஏராளமாக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டுத் துளசிகள் பாதி முளைக்காமலும், மீதி முளைத்தும் உருப்படாமலும் போகின்றன என்பது என் கணிப்பு. உரத்தைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் கேட்கிற அளவுக்கு வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விதையிலிருந்து தொடங்கலாம். ஒரு காய்ந்த துளசிக் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால், உமி பறந்துபோய் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக விதைகள் மிஞ்சும். ஒவ்வொரு பூவின் புல்லி வட்டத்துக்குள்ளும் அதிகபட்சம் நான்கு இருக்கும். ஒரு கிராம் எடுத்தால் சில ஆயிரம் விதைகள் தேறும். அவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவுச் சேமிப்பு எவ்வளவு இருந்துவிடும்? அவரை விதை பெரிய கட்டுச்சோற்றோடு புறப்படுகிறது. இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தாலும் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். துளசி விதை அந்த ஆழத்தில் முளைக்கத் தொடங்கினால், மண்ணின் மேற்பரப்பை எட்டும் முன்பே சேமிப்பு தீர்ந்து செத்துப்போகும்.

ஆகவே 'நான் மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேனா' என்று தெரிந்துகொண்ட பிறகு முளைப்பது இப்படிப்பட்ட விதைக்கு உயிர்ப் பிரச்சினை. அதைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி வெளிச்சம். சாதாரண மண்ணில் சூரிய ஒளி சில மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை. வெளிச்சம் தெரிந்தால் மேற்பரப்பு பக்கத்தில் இருக்கிறது, தெரியாவிட்டால் பொறுத்திருக்க வேண்டும். சிறிய விதை கொண்ட செடிகள் பலவற்றில் இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. துளசிக் குடும்பத்துக்குள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. தரிசு நிலங்களில் தானாக வளரும் நாய்த்துளசியின் விதை வெளிச்சத்துக்குக் கூர்மையாக அசைந்து கொடுப்பது 1960-களிலேயே ஆராயப்பட்டது. நம் வீட்டுத் துளசி விதையும் வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் வகைதான். எந்த அளவுக்கு வெளிச்சத்தை எதிர்பார்க்கும் என்பது விதையின் வயதையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறும்.

விதைக்குக் கண் இல்லை. வெளிச்சம் அதற்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கிடைத்த விதம் தாவரவியலின் அழகான கதைகளில் ஒன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் அந்நாட்டு வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்யூஸ் கீரை ரகத்தின் விதைகளை வைத்து ஆராய்ந்தது. இருட்டில் வைத்தால் அந்த விதைகள் பெரும்பாலும் முளைக்காது. ஊறவைத்து, கொஞ்ச நேரம் செவ்வொளி காட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே முளைத்தன. செவ்வொளிக்குப் பின் தொலைசிவப்பு ஒளியைக் காட்டினால் அந்த உத்தரவு ரத்தானதுபோல் முளைப்பு படுத்துவிட்டது. தொலைசிவப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், சிவப்பின் கடைசி விளிம்பு. மறுபடி சிவப்பு, மறுபடி தொலைசிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது. 1952-ல் இதை வெளியிட்டார்கள். விதைக்குள் முன்னும் பின்னும் மாறக்கூடிய ஒரு நிறமி இருந்தாக வேண்டும் என்பது அவர்களின் முடிவு. 1959-ல் அந்த நிறமியைப் பிரித்தெடுத்தும் காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் ஃபைட்டோகுரோம்.

ஃபைட்டோகுரோமுக்கு இரண்டு வடிவங்கள். ஒன்று 660 நானோமீட்டர் அளவிலான செவ்வொளியை உறிஞ்சி, செயல்படும் வடிவத்துக்கு மாறும். அந்தச் செயல்படும் வடிவம் 730 நானோமீட்டர் அளவிலான தொலைசிவப்பை உறிஞ்சிப் பழையபடி தூங்கும் வடிவத்துக்குத் திரும்பும். செயல்படும் வடிவம் விதைக்குள் சேரும்போது, முளைப்பை அடக்கி வைத்திருக்கும் சில புரதங்கள் சிதைக்கப்படுகின்றன. அதன் தொடர்ச்சியாக, முளைக்கச் சொல்லும் ஹார்மோனான ஜிப்ரலின் கூடுகிறது, தூங்கச் சொல்லும் அப்சிசிக் அமிலம் குறைகிறது. வெளிச்சம் தேவைப்படும் பல விதைகளை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் இருட்டிலும் முளைப்பது இதனால்தான். வெளிச்சம் செய்யவேண்டிய வேலையின் கடைசிக் கட்டத்தை அந்த மருந்து நேராகச் செய்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, காய்ந்த விதையில் இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யாது. விதை தண்ணீர் குடித்து ஊறிய பிறகுதான் வெளிச்சம் கணக்கில் வரும். பாக்கெட்டில் இருக்கும் விதையை வெயிலில் காயவைத்துவிட்டுப் பிறகு ஆழமாகப் புதைத்தால் பயன் இல்லை. ஈரமும் வெளிச்சமும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். வெளிச்சம் படும் மேல்மண்தான் முதலில் காயும். விதை ஊறி, உள்ளே வேலை தொடங்கி, வேர் நுனி வெளியே வரும் நேரத்தில் அரை நாள் காய்ந்துவிட்டால்கூட அது தாங்காது. வெளிச்சத்துக்காக விதையை மேலே போட்டவர்கள் பலர் இப்படி மண் காய்ந்துபோவதில் தோற்கிறார்கள். அப்புறம் அடுத்த முறை ஆழமாகப் போட்டு, இருட்டில் தோற்கிறார்கள்.

துளசியைப் பயிராகச் செய்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஒரு ஹெக்டேருக்கு 300 கிராம் விதை. அதை ஒன்றுக்கு நான்கு பங்கு மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவச் சொல்கிறார்கள். பிறகு மக்கிய தொழு உரமும் மண்ணும் கலந்த கலவையை மேலே மெல்லியதாகப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். 8 முதல் 12 நாளில் முளைக்கும். ஆறு வாரத்தில், நான்கைந்து இலை வந்ததும் பிடுங்கி நடலாம். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 40 சென்டிமீட்டர் விட்டால் ஒரு ஹெக்டேருக்கு 62,500 நாற்று வேண்டும். ஆனால் 300 கிராமில் பல லட்சம் விதைகள் இருக்கும். எவ்வளவு முளைக்காமல் போகும் என்று எதிர்பார்த்துத்தான் இந்த அளவு வைத்திருக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அந்த 'மெல்லியதாக' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வீட்டில் செய்யும்போது, குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ சலித்த மண்ணை நிரப்பி, முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும். பிறகு விதையை மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், விதை அங்கங்கே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சலித்த தென்னை நார்க் கழிவைத் தூவலாம். தட்டின் மேல் ஒரு கண்ணாடியையோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளையோ போட்டால் ஈரம் நிற்கும், வெளிச்சமும் போகும். ஆனால் அப்படி மூடிய தட்டை நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். வெளிச்சமான நிழலில் வைக்க வேண்டும். பழைய சாக்கை நனைத்து மூடும் வழக்கமும் உண்டு. ஈரத்துக்கு நல்லதுதான், ஆனால் வெளிச்சத்தை எதிர்பார்க்கும் விதைக்கு அது பொருந்தாது.

நிழல் என்றால் எந்த நிழல் என்பதும் முக்கியம். கறுப்பு நிழல்வலைக்குக் கீழே விழும் ஒளி அளவில் குறைந்திருக்கும், ஆனால் அதன் நிறக் கலவை பெரிதாக மாறுவதில்லை. வேப்ப மரத்தடி நிழல் வேறு. இலைகளில் இருக்கும் பச்சையம் செவ்வொளியை உறிஞ்சிக்கொள்ளும், தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். வெட்டவெளி வெயிலில் செவ்வொளி தொலைசிவப்பைவிடச் சற்று அதிகமாக இருக்கும். அடர்ந்த இலைக் கூட்டத்தின் கீழே இந்தக் கணக்குத் தலைகீழாகி, தொலைசிவப்பு பல மடங்கு கூடிவிடும். பெல்ட்ஸ்வில் சோதனையில் முளைப்பை ரத்து செய்தது இதே தொலைசிவப்புதான். அடர்ந்த துளசிப் புதருக்கு அடியில் ஆயிரக்கணக்கில் விதை கொட்டிக் கிடந்தும் கன்றுகள் அதிகம் வராமல் இருப்பதற்கும், தாய்ச்செடியை வெட்டிவிட்டு ஒரு மழை பெய்ததும் அந்த இடம் முழுக்கக் கன்றாக நிறைவதற்கும் இதில் பங்கு உண்டு. நாற்றங்காலுக்கு லேசான நிழல் தேவை என்று சொல்லும்போது வலை நிழலையும் மர நிழலையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

முளைத்த நாளிலிருந்து வெளிச்சத்தின் வேலை மாறுகிறது. வித்திலைகள் விரிந்ததும் சேமிப்பு முடிந்தது. இனி அந்தக் கன்று தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். முளைக்கும்வரை வீட்டுக்குள் பத்திரமாக இருந்த தட்டை அங்கேயே விட்டுவைத்தால், நான்கே நாளில் நூல்போல் நீண்டு வெளுத்த தண்டோடு, ஜன்னல் பக்கம் சாய்ந்து, பிறகு மண்ணோடு படுத்துவிடும். நீள்வதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. இருட்டான இடத்தில் முளைத்த கன்று, 'இன்னும் மேலே போனால் வெளிச்சம் இருக்கும்' என்ற கணக்கில் இருப்பதையெல்லாம் உயரத்திலேயே செலவழிக்கிறது. சாய்வது நீல ஒளியை உணரும் வேறொரு ஏற்பாட்டின் வேலை. புல்லின் முளை வெளிச்சத்தை நுனியில் உணர்கிறது, ஆனால் வளைவது அதற்குக் கீழே என்று சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-லேயே காட்டினார்கள். நீண்டுபோன துளசிக் கன்றுக்கு உரம் வைத்துப் பயன் இல்லை. முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு, காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். முதலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

வளர்ந்த துளசி முழு வெயில் செடி. பழைய வீடுகளில் துளசி மாடம் வானம் பார்த்த முற்றத்திலோ கொல்லையிலோ இருந்தது. அங்கே செடிக்கு வெளிச்சம் ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. இன்று அடுக்குமாடி வீடுகளில் துளசி பால்கனிக்கும், சில வீடுகளில் வரவேற்பறைக்கும் வந்துவிட்டது. அங்கே நம்மை ஏமாற்றுவது நம் கண்ணேதான். கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். நல்ல வெயில் நேரத்தில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம் இருக்கும். நேர் வெயில் படாத, ஆனால் திறந்த பால்கனியில் அது பத்தாயிரத்துக்கு அருகில் இறங்கும். ஜன்னலிலிருந்து சில அடி உள்ளே வந்தால் ஆயிரமோ அதற்கும் கீழோதான். இரவில் விளக்கு போட்ட அறையில் சில நூறு. நமக்கு எல்லாமே 'வெளிச்சமாகத்தான் இருக்கிறது'. ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸில் துளசி போன்ற வெயில் செடி தயாரிக்கும் உணவு அதன் சுவாசத்துக்கே சரியாகப் போய்விடும். புதிய இலை விட மிச்சம் இருக்காது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. துல்லியம் குறைவு என்றாலும் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து நம்ப அவை போதும்.

பால்கனி எந்தத் திசை பார்க்கிறது என்பதும் தமிழ்நாட்டில் கொஞ்சம் வேடிக்கையான கணக்கு. தெற்குப் பார்த்த பால்கனிக்கு எப்போதும் வெயில் கிடைக்கும் என்று பல தோட்டக்கலைக் குறிப்புகள் சொல்கின்றன. அவை நமக்கு வடக்கே வெகு தொலைவில் இருக்கும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை அது உச்சிக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு நேர் வெயில் கிட்டத்தட்ட இல்லை, வடக்குப் பால்கனிக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஐப்பசிக்குப் பிறகு இது அப்படியே மாறும். மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பால்கனிக்குள் வெயில் ஆழமாக வரும், வடக்குப் பக்கம் துளிகூட வராது. ஆண்டு முழுக்க நம்பக்கூடியது கிழக்கு. 'நன்றாக இருந்த துளசி திடீரென்று பட்டுப்போனது' என்கிற வீடுகளில், எந்த மாதத்தில், எந்தத் திசையில் என்று கேட்டால் பாதிப் பேருக்குக் காரணம் இதிலேயே கிடைத்துவிடும். மாதத்துக்கு ஏற்பத் தொட்டியை இடம் மாற்றத் தயங்க வேண்டாம்.

மார்கழி, தை மாதங்களில் துளசி சோர்வதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. நீண்ட பகலும் வெப்பமும் துளசியின் வளர்ச்சிக்கும் எண்ணெய்க்கும் உகந்தவை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அதோடு வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டமும் குளிரும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்து, செடியை ஓய்வாக விட்டுவிடுவது நல்லது. இலை கொட்டுகிறதே என்று பயந்து உரத்தைக் கொட்டினால் வேர் அழுகும்.

இனி மணம். துளசியை மருந்தாக நினைப்பவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். பச்சையாக ஒரு செடி நிற்பதும் அதில் மருந்துச் சரக்கு இருப்பதும் வேறு வேறு. துளசி இலையின் அடிப்புறத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால் மினுங்கும் சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கிராம்பு வாசனை தரும் யூஜினால் உட்படத் துளசியின் எண்ணெய்ப் பொருள்கள் அங்கேதான் உருவாகிச் சேர்கின்றன. ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையிலிருந்துதான் செடி இவற்றைச் செய்கிறது. உயிர் பிழைக்கவே வெளிச்சம் போதாத செடி மணத்துக்கு எங்கே போகும்? நிழலில் வளர்ந்த துளசி இலை பெரிதாக, மெல்லியதாக, பார்க்கத் தளதளவென்று இருக்கும். கசக்கி முகர்ந்தால் வாசனை சப்பென்று இருக்கும். வெயிலில் நின்ற செடியின் இலை சிறியது, தடிப்பானது. தொட்டாலே கையில் காரமாக மணக்கும்.

அளவு மட்டுமல்லாமல், எண்ணெயின் கலவையே வெளிச்சத்தால் மாறுகிறது. துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சிலையை வைத்து நடந்து, 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல வெளிச்சத்தில் லினலூல் என்ற மணப்பொருளும் யூஜினாலும் கூடின, வெளிச்சம் குறைந்தபோது மெத்தில் யூஜினால் கூடியது. யூஜினாலும் மெத்தில் யூஜினாலும் ஒரே பாதையில் அடுத்தடுத்து உருவாகும் பொருள்கள். முன்னதிலிருந்து பின்னதைச் செய்வது ஒரு நொதி. மெத்தில் யூஜினால் பழ ஈக்களைச் சுண்டி இழுக்கும். நம் மாந்தோப்புகளில் தொங்கும் பழ ஈப் பொறிகளில் இருப்பது அதுதான். ஆய்வக விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்ததால், செயற்கையாகத் தயாரித்த மெத்தில் யூஜினாலை உணவுச் சுவையூட்டியாகச் சேர்ப்பதற்கு இருந்த அனுமதியை 2018-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விலக்கிக்கொண்டது. நான்கு துளசி இலை மெல்பவர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் துளசியை எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் பயிர் செய்கிறவர், எந்த ரகம் என்பதோடு எந்த வெளிச்சத்தில் வளர்ந்தது என்றும் பார்த்தாக வேண்டும். லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் யூஜினால் மிகுந்த 'சிம் ஆயு' போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. அந்த ரகத்தையே தென்னந்தோப்பின் அடர்ந்த நிழலில் ஊடுபயிராகப் போட்டால் அதன் முழுத் திறமையை எதிர்பார்க்க முடியாது.

புற ஊதாக் கதிருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. திருநீற்றுப்பச்சிலையின் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒழுங்காக நிறைந்து முதிர, சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதா-பி கதிர் தேவை என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் காயும் துளசிக்கும், வெளியே அதே வெயிலில் நிற்கும் துளசிக்கும் மணம் ஒன்றாக இருக்காது என்று எதிர்பார்க்க இது போதுமான காரணம். எல்இடி விளக்கில் வளர்ப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். சிவப்பும் நீலமும் கலந்த விளக்கில் செடி கட்டையாக, நன்றாகவே வளரும். பெரும்பாலான விளக்குகளில் புற ஊதா கிடையாது.

கிருஷ்ண துளசி வாங்கி வந்தபோது கருஊதாவாக இருந்தது, வீட்டில் பச்சையாகிவிட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற புகாருக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. கடும் வெயிலில் இலையைக் காக்கத்தான் செடி அதைச் செய்கிறது. நிழலில் அதற்குத் தேவை குறைவு, நிறமும் குறையும். வெயிலில் வைத்தால் புதிதாக வரும் துளிர்களில் நிறம் திரும்பும்.

மே மாத வெயிலில் துளசி வாடுவதைப் பார்த்து உள்ளே தூக்கிச் செல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே துன்பம் வெளிச்சத்தால் வருவதில்லை, சூடேறிய தொட்டியால் வருகிறது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் ஓரத்தில் வேர் வெந்துபோகும். தொட்டியை மட்டும் நிழலில் மறைத்து, இலைக்கு வெயில் விட்டு, மண்ணுக்கு மூடாக்குப் போட்டால் செடி சமாளித்துக்கொள்ளும். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் பாதி வெயிலை மறைக்கும் வலை போடலாம்.

அறுவடையிலும் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். நட்ட 90, 95 நாளில் முதல் அறுவடை, பிறகு 65 முதல் 75 நாளுக்கு ஒருமுறை. நல்ல வெயில் அடிக்கும் நாளில் அறுக்க வேண்டும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப்போட வேண்டும் என்பது பரிந்துரை. தரையிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால், அடித்தண்டுக்கு வெளிச்சம் பட்டுப் பக்கக் கிளைகள் வேகமாகத் துளிர்க்கும். வெட்டிய பிறகு மட்டும் கணக்கு முழுதாகத் திரும்பிவிடுகிறது. உயிரோடு நின்றபோது மணத்தைச் சேர்த்துக் கொடுத்த வெயில், அறுத்த இலையில் அதே எண்ணெயை ஆவியாக்கிவிடும், நிறத்தையும் வெளுக்கச் செய்யும். எனவே காற்றோட்டமான நிழலில், மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்தி, வெளிச்சம் புகாத டப்பாவில் அடைத்து வைக்கிறார்கள்.